மச்சுக் கட்டையும் நஸீபும்

எங்கள் ஊரில் ஒருவருக்கு எதிர்பாராமல் நல்லது நடந்துவிட்டால், "அவர் நிய்யத்துக்கு அல்லாஹ் கொடுத்தான்" என்பார்கள். நிய்யத் என்றால் மனதின் எண்ணம். நல்ல மனதோடு சொல்லும் வார்த்தைதான். போன வருஷம் அதை என்னிடமே பலர் சொன்னார்கள். ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னார்கள், டீக்கடையில் சொன்னார்கள், மலேசியாவில் இருக்கும் என் மச்சான் வாட்ஸப்பில் குரல் பதிவாகவே அனுப்பிவிட்டார். எல்லோருக்கும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று பதில் சொன்னேன். ஆனாலும் அந்தப் பேச்சு எனக்குச் செரிக்கவில்லை.

கூத்தாநல்லூர் மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் இடையில் இருக்கிறது. சுற்று வட்டாரத்தில் "சின்ன சிங்கப்பூர்" என்று பெயர். பர்மா, மலேயா, சிங்கப்பூர், சைகோன் என்று கப்பலேறிப் போனவர்கள் அனுப்பிய காசில் எழுந்த தெருக்கள். என் வீட்டையும் அப்படி ரங்கூனில் வியாபாரம் செய்த ஒருவர்தான் 1930களில் கட்டினார். 1942 மார்ச்சில் ஜப்பான்காரர்கள் ரங்கூனைப் பிடித்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் கிளம்பிய லட்சக்கணக்கான இந்தியர்களில் அவரும் ஒருவர். கடையை அப்படியே விட்டுவிட்டு, பாதித் தூரம் நடந்தே ஊர் வந்து சேர்ந்தார் என்று கேள்வி. அவருடைய பேரன்மார் கோலாலம்பூரில் நிலைத்துவிட்டார்கள். 1998-இல் அவர்களிடமிருந்துதான் வாங்கினேன். அன்றைக்குப் பேசியது மனை விலை. கட்டடம் பழசு, அதற்குத் தனியாகக் காசு இல்லை என்று இரண்டு தரப்பும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டோம்.

மேல்தளம் மெட்ராஸ் ஒட்டு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: உத்திரத்தின் மேல் குறுக்குக் கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, அதன் மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாட்டமாக நிறுத்தி வைத்துச் சுண்ணாம்பில் ஒட்டி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள் கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். வெயிலுக்குச் சுகம். ஒழுகத் தொடங்கினால் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வலியுல்லாஹ்தான் வர வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துவிட்டுப் போனதிலிருந்து எங்கள் கூடத்தில் மழைக்காலம் முழுக்க அண்டாவும் வாளியும்தான். தபால் துறையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். பென்ஷனில் மேல்தளம் மாற்ற முடியாது. பிள்ளைகளும் கொடுத்து, வைப்புத் தொகையையும் உடைத்து, 16 லட்சத்தில் முடித்துவிடலாம் என்று இறங்கினோம். அது 21 லட்சத்தில் போய் நின்றது. வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லி வைத்த முன்னோர்கள் பழுது பார்த்துப் பார் என்று ஏன் சொல்லாமல் விட்டார்கள் என்று தெரியவில்லை.

வேலை தொடங்குமுன் பார்க்க வந்த என்ஜினியர், கட்டைகளின் முனையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "செல் அரிச்சிருக்கு சார், மொத்தமா எடுத்துட்டு கான்கிரீட் போட்டுடலாம்" என்றார். எந்தக் காலத்திலோ அடித்த சாம்பல் நிறப் பெயின்டும் அடுப்புப் புகையும் சேர்ந்து அது என்ன மரம் என்றே தெரியாதபடி ஆக்கியிருந்தன. இடிப்பு வேலைக்கு வந்த கான்ட்ராக்டர், மரம், செங்கல், இடிசல் எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொள்வதாகவும் கூலியில் 20,000 ரூபாய் குறைத்துக்கொள்வதாகவும் சொன்னார். எனக்குச் சம்மதம்தான். பரணுக்குப் பலகை வேண்டும், இரண்டு கட்டையாவது நிறுத்தி வையுங்கள் என்று என் மனைவி சொன்னதால், "நாளைக்குச் சொல்றேன்" என்று அவரை அனுப்பினேன்.

அன்று சாயங்காலம், நிலைக்கதவைக் கழற்றுவதற்காக அந்தக் கான்ட்ராக்டரே கூட்டி வந்திருந்த ஆசாரி ஒருவர், மற்றவர்கள் போன பிறகும் நின்றார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஏணியில் ஏறி, உளியால் ஒரு கட்டையின் அடியை விரல் நீளத்துக்குச் சுரண்டினார். மோந்து பார்த்தார். இறங்கி வந்து மெதுவான குரலில் சொன்னார்: "பாய், இது பர்மாத் தேக்கு. செல்லு சுவத்துக்குள்ள இருக்குற முனையில மட்டும்தான். உள்ள பூரா வைரம். வெறகு வெலைக்குக் குடுத்துடாதீங்க."

அவ்வளவுதான். முனைகளை அறுத்துத் தள்ளியது போக 110 கன அடி நின்றது. காரைக்குடியிலிருந்து வந்த பழைய மர வியாபாரி கன அடி 3,200 ரூபாய் என்று எடுத்துக்கொண்டார். 3,52,000 ரூபாய். 2014 ஏப்ரலில் மியன்மார் அரசு உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதைத் தடை செய்துவிட்டது. அதனால் பழைய பர்மாத் தேக்குக்கு இந்த மதிப்பு என்று அவரே விளக்கம் சொன்னார். அந்தப் பணம் வராமல் இருந்திருந்தால் மாடிப்படிக்குக் கைப்பிடி வைத்திருக்க மாட்டோம். தரைக்கு டைல்ஸும் போட்டிருக்க மாட்டோம்.

இதைத்தான் ஊர் என் நிய்யத்தின் கணக்கில் எழுதியது. சரி, என் நிய்யத்துக்குக் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த மரத்தைக் காசு கொடுத்து வாங்கி, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து, கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே வந்த அந்த மனிதரின் நிய்யத்தில் என்ன குறை? கஜாவில் என் தெருவிலேயே ஓடு பறந்து, பிள்ளைகளோடு பள்ளிவாசலில் படுத்துக் கிடந்த விதவை ஒருவர் இருக்கிறார். அவர் நிய்யத் எப்படி? ஒருவருக்கு வந்த நன்மையை அவர் மனதுக்குக் கிடைத்த சான்றிதழாகப் படித்தால், இன்னொருவருக்கு வந்த கஷ்டத்தைக் குற்றப்பத்திரிகையாகப் படித்தே ஆக வேண்டும். முதல் வேலையைச் செய்கிறவர்கள் இரண்டாவதை வாய்விட்டுச் சொல்வதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. குர்ஆனில் அல்ஃபஜ்ர் அத்தியாயம் இதையே கண்டிக்கிறது. வசதியைக் கொடுத்துச் சோதித்தால் மனிதன் தன் இறைவன் தன்னைக் கண்ணியப்படுத்திவிட்டதாகச் சொல்கிறான். வாழ்வாதாரத்தைச் சுருக்கிச் சோதித்தால் தன்னை இழிவுபடுத்திவிட்டதாகச் சொல்கிறான். இரண்டுமே அப்படியல்ல என்று மறுத்த கையோடு, நீங்கள் அநாதையைக் கண்ணியப்படுத்துவதில்லை என்று பேச்சு திரும்புகிறது. எனக்கு வியப்பு அந்தத் திருப்பத்தில்தான். உனக்கு ஏன் கிடைத்தது என்று நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய்; அங்கேயோ பக்கத்தில் இருக்கிறவனுக்கு நீ என்ன செய்தாய் என்று கேட்கப்படுகிறது.

வெள்ளிக்கிழமைதோறும் நாம் ஓதும் அல்கஹ்ஃப் அத்தியாயத்தில் ஒரு சுவர் வருகிறது. வீட்டுப் பழுது பார்த்த பிறகுதான் அந்தச் சுவர் எனக்கு விளங்கியது. மூஸா நபியும், மரபில் நாம் கிள்ர் என்று அழைக்கும் அந்த ஞானியும் பசியோடு ஓர் ஊருக்குப் போகிறார்கள். ஊரார் ஒரு வாய்ச் சோறு தர மறுக்கிறார்கள். அங்கே விழப்போகும் நிலையில் ஒரு சுவர். கிள்ர் அதை நிமிர்த்தி வைக்கிறார். இதற்குக் கூலியாவது வாங்கியிருக்கலாமே என்கிறார் மூஸா. என்னைப் போல் மேஸ்திரிக்குக் கூலி கொடுத்தவனுக்கு அந்தக் கேள்வியின் நியாயம் தெரியும். பிரியும்போது கிள்ர் காரணம் சொல்கிறார்: அந்தச் சுவர் ஊரில் இருக்கும் இரண்டு அநாதைச் சிறுவர்களுடையது, அதற்கு அடியில் அவர்களுக்கான புதையல் இருக்கிறது, அவர்கள் தகப்பனார் நல்லவர், பிள்ளைகள் வளர்ந்து அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இறைவன் நாடினான்.

வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளைகள் தோண்டியிருப்பார்கள். கிடைத்ததும் அவர்கள் ஊராரும் நஸீபு, அதிர்ஷ்டம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். புதையல் கிடைத்ததற்குக் காரணமாகச் சொல்லப்படும் நன்மை தகப்பனாருடையது. பிள்ளைகளுடைய நிய்யத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், இறைவனின் நாட்டம் அந்தச் சுவரைத் தானாக நிமிர வைக்கவில்லை. வெறும் வயிற்றோடு ஒருவர் கூலி இல்லாமல் வேலை செய்துதான் அது நின்றது. அந்தச் சிறுவர்களுக்கு அவர் யார் என்று கடைசி வரை தெரியுமா, தெரியாதா என்று அத்தியாயம் சொல்லவில்லை. ஓதுகிற நமக்குத் தெரிய வேண்டும் என்று மட்டும் அது அக்கறை எடுத்துக்கொள்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கும் பழக்கம் வந்துவிட்டது. தற்செயல் என்றால் என்ன என்று கேட்கும்போது தத்துவ ஆசிரியர்கள் வேறு உதாரணமே கிடைக்காததுபோல் தோண்டுகிறவனையே கூப்பிடுகிறார்கள். அரபு நூல்கள் அரிஸ்தூ என்று அழைக்கும் அரிஸ்டாட்டில், செடி நடக் குழி வெட்டியவனுக்குப் புதையல் கிடைப்பதை உதாரணம் காட்டுகிறார். ஆறாம் நூற்றாண்டில் மரண தண்டனையை எதிர்பார்த்துச் சிறையில் எழுதிய ரோமானியர் போயிதியஸும் நிலத்தை உழுதவனுக்குப் பொன் கிடைத்த கதையை எடுத்துக்கொள்கிறார். புதைத்தவனுக்கு ஒரு காரணம், தோண்டியவனுக்கு ஒரு காரணம். இரண்டும் ஓர் இடத்தில் சந்தித்துக்கொள்கின்றன, சந்திப்பை இருவருமே எண்ணியிருக்கவில்லை என்பது அவர் விளக்கம். அந்தச் சந்திப்பையும் ஒழுங்கு செய்வது இறைவனின் முன்னறிவு என்று அவர் மேலும் போகிறார். நம் பக்கத்தில் இதையே காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று முடித்துவிடுவார்கள். மரத்தைச் செல் அரித்த கோடுகள் எழுத்துப்போல் விழுந்துவிடுவதைக் குணாக்ஷர நியாயம் என்று வடமொழித் தர்க்கக்காரர்கள் சொல்வார்களாம். என் வீட்டுச் செல்லுக்கு அவ்வளவு படிப்பு இல்லை; அது முனையை மட்டும் தின்றது.

இந்த விளக்கங்கள் எல்லாம் என் கதையில் பாதிக்குத்தான் பொருந்துகின்றன. ரங்கூன் வியாபாரி தேக்கு வாங்கியதும், எவரோ அதற்குப் பெயின்ட் அடித்ததும், என் மனைவிக்குப் பரண் பலகை தேவைப்பட்டதும் ஒன்றையொன்று அறியாத காரணங்கள். அவை சந்தித்தது தற்செயல், அல்லது நாட்டம். ஆனால் ஆசாரி வாயைத் திறந்தது தற்செயல் அல்ல. அவர் யோசித்தார். எல்லோரும் போகட்டும் என்று நின்றார். அவரை வேலைக்குக் கூட்டி வந்தவர் கான்ட்ராக்டர். அந்தக் கான்ட்ராக்டருக்கு மரம் தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. இடிப்புத் தொழிலில் பழுத்தவர் அவர். பேசாமல் இருந்திருந்தால் ஆசாரிக்கு அவரிடம் ஏதாவது கிடைத்திருக்கும். பேசியதால் கிடைத்தது என்னவென்றால், அதற்குப் பிறகு அந்தக் கான்ட்ராக்டர் அவரை எந்த இடிப்புக்கும் கூப்பிடவில்லை.

இங்கேதான் எனக்கு இமாம் கஸ்ஸாலியோடு ஒரு வழக்கு. 1111-இல் மறைந்த அந்த மாமேதையோடு கூத்தாநல்லூர் தபால்காரன் வழக்காடுவது அதிகப்பிரசங்கம்தான், தெரிந்தே செய்கிறேன். இஹ்யா என்ற தன் நூலில் நன்றியைப் பற்றி எழுதும்போது அவர் ஓர் உவமை சொல்கிறார். அரசர் ஒருவருக்குக் கொடை எழுதிக் கையெழுத்திட்டால், வாங்குகிறவன் பேனாவுக்கும் மைக்கும் காகிதத்துக்கும் நன்றி சொல்ல மாட்டான். அவை அரசரின் கைக்கு அடங்கியவை. அதைப் போலவே, நமக்கு நன்மை கொண்டுவரும் மனிதர்களும் இறைவனின் கைக்கு அடங்கியவர்கள். இறைவன் ஒருவனே என்னும் தவ்ஹீதின் உயரத்திலிருந்து பார்த்தால் இது சரியாகவே இருக்கும். ஆனால் அந்த உயரத்துக்கு ஏறாதவர்கள் இந்த உவமையைக் கையில் எடுத்தால் என்ன ஆகும்? "எல்லாம் அவன் கொடுத்தது" என்று சொல்லிக்கொண்டே, கொண்டுவந்து கொடுத்தவனுக்குக் கூலி தராமல் கதவைச் சாத்திவிடலாம். சாத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேனாவுக்கு அரசரின் கொடையை மறைக்க முடியாது. ஆசாரியால் முடியும். பேனாவுக்குக் கொடையால் பிழைப்புப் போவதில்லை. ஆசாரிக்குப் போனது.

மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவனாக மாட்டான் என்பது நபிகள் நாயகத்தின் வாக்கு. அபூதாவூத், திர்மிதி ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் பதிவாகியிருக்கிறது. கஸ்ஸாலிக்குத் தெரியாத ஹதீஸ் அல்ல. எங்களைப் போன்றவர்களின் வாசலில் எழுதி வைக்க வேண்டியது அந்த ஹதீஸைத்தான் என்பது என் கட்சி.

வீட்டை விற்றவர்களுக்கு நான் ஏதாவது கடமைப்பட்டிருக்கிறேனா என்ற கேள்வியும் என்னைக் கொஞ்ச நாள் அரித்தது. புகாரி ஹதீஸ் தொகுப்பில் அபூஹுரைரா வழியாக ஒரு செய்தி உண்டு. நிலம் வாங்கியவர் அதில் ஒரு பானைத் தங்கத்தைக் கண்டெடுத்து, நான் வாங்கியது நிலம்தான், தங்கம் உங்களுடையது என்று விற்றவரிடம் கொண்டுபோகிறார். நிலத்தையும் அதில் உள்ளதையும் சேர்த்துத்தான் விற்றேன் என்கிறார் மற்றவர். வழக்கைக் கேட்டவர், உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று விசாரிக்கிறார். ஒருவருக்கு மகன், ஒருவருக்கு மகள். இருவருக்கும் மணமுடித்து, அந்தத் தங்கத்தைச் செலவழித்து, தர்மமும் செய்யுங்கள் என்று தீர்ப்பு. இதே வழக்கை நம் ஊர்க் கதைசொல்லிகள் தருமர் சபையில் நடத்துவார்கள். கொஞ்ச நேரம் பொறுத்துக் கலியுகம் பிறந்ததும் இருவரும் எனக்குத்தான், எனக்குத்தான் என்று அடித்துக்கொள்வதாக முடிப்பார்கள். என் மனைவி முழுக்கக் கலியுகத்துக்காரி. "நம்ம கூடத்துல ஒழுகினப்ப அவங்க வந்து வாளி வச்சாங்களா? மரம் உளுத்துப் போயிருந்தா பணத்தைத் திருப்பிக் குடுத்திருப்பாங்களா? அப்ப இது மட்டும் எப்புடி அவங்களுதாகும்?"

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். சிரித்துவிட்டு, "உங்க வீட்டம்மா சொன்னதுதாங்க பிக்ஹு" என்றார். நட்டத்தைச் சுமக்கிறவனுக்கே ஆதாயம், அல்கராஜ் பிள்ளமான், என்பது ஹதீஸிலிருந்து எடுத்த சட்ட விதி. புதைத்து வைத்த பானை வேறு. கட்டடத்தோடு சேர்ந்த உத்திரம் வேறு. பின்னது வீட்டோடு விற்பனையாகிவிடுகிறது. இருந்தாலும் கோலாலம்பூருக்குத் தகவல் சொன்னேன். பாட்டனார் மரத்தில் ஒரு துண்டு கிடைக்குமா, குர்ஆன் வைத்து ஓதும் பலகை செய்துகொள்கிறோம் என்று கேட்டார்கள். ஆசாரியே செய்து கொடுத்தார். அந்த விவகாரம் அத்தோடு முடிந்தது.

ஆசாரி விவகாரம் அப்படி முடிகிற மாதிரி இல்லை. "அவருக்குப் பார்த்துச் செய்யுங்கள்" என்று எல்லோரும் சொன்னார்கள். பார்த்து என்றால் எவ்வளவு? 1878-ஆம் வருஷத்து இந்தியப் புதையல் சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு உரிமையாளர் இல்லாமல், கண்டெடுத்தவரும் இடத்துக்காரரும் வேறு வேறாக இருந்து, முன்பே ஒப்பந்தமும் இல்லையென்றால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, இடத்துக்காரருக்குக் கால் பங்கு. வெள்ளைக்காரன் எழுதிய சட்டத்தில் இடத்துக்காரனைவிடக் கண்டவனுக்கு அதிகம் என்பது எனக்குப் புதுச் செய்தி. உத்திரம் புதையல் ஆகாது, இந்தச் சட்டம் என்னைக் கட்டுப்படுத்தாது. என்றாலும், பத்தாயிரம் கொடுத்து ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தால் பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு அந்த முக்கால் பங்கு உறைத்தது.

என் பிள்ளைகளோடு பேசினேன். மூத்தவன், "அத்தா, அவர் சொன்ன ஒரு வார்த்தைக்கு விலை போட முடியாது, அவருக்குப் போன வேலைக்குப் போடலாம்" என்றான். அது கணக்கு எழுதத் தெரிந்த பேச்சு. கான்ட்ராக்டரிடம் அவருக்கு மாதத்தில் எத்தனை நாள் வேலை இருந்தது, நாள் கூலி என்ன என்று சுற்றி வளைத்து விசாரித்துக்கொண்டு, 60,000 ரூபாய் கொடுப்பதென்றும், வீட்டு மரவேலை முழுவதும் அவருக்கே என்றும் முடிவு செய்தோம்.

கவரை நீட்டியபோது நான் ஏதாவது நெகிழ்ச்சியான காட்சியை எதிர்பார்த்திருப்பேன் போல. அவர் வாங்கி, அங்கேயே எண்ணிப் பார்த்தார். எச்சில் தொட்டு இரண்டாம் தடவையும் எண்ணினார். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "ஜன்னல் சட்டத்துக்கு மரம் பத்தாது பாய், எல்லாத்தையும் வித்துப்புட்டீங்க" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. தனக்குச் சேர வேண்டியதை வாங்குகிறவர் கண் கலங்க வேண்டிய அவசியம் இல்லை.

வீட்டுச் செலவை நான் நோட்டில் எழுதி வருகிறேன், பழைய பழக்கம். ரமலானில் ஜகாத் கணக்குப் பார்த்தபோது, ஆசாரிக்குக் கொடுத்ததைத் தர்மத்தில் எழுதினால் என்ன என்று என் மனைவி கேட்டார். கொடுக்கக் கடமைப்பட்டதைத் தர்மமாக எழுத முடியாது. சிமென்ட், கம்பி, மேஸ்திரி, சித்தாள் என்று போகும் பக்கத்தில், கூலி என்ற தலைப்பின் கீழ் அது இருக்கிறது.